பட்டைக்கு எத்தனை சிற்றலை?

ப்ரொஜெக்டர் ஒரு பொருள்மேல் வெளிச்சமும் இருளுமான சைன் அலைப் பட்டைகளை வீச, அவை வளைவதைக் கேமராவில் படமெடுத்து மேடுபள்ளத்தைக் கணக்கிடும் அளவைமுறை இது. சமதளமான தகட்டை அளந்தால் சமதளமாகத்தான் வர வேண்டும். புதிதாகப் பூட்டிய ப்ரொஜெக்டர், கேமராவில் அநேகமாக வராது. பளபளப்பில்லாத வெள்ளைப் பூச்சு அடித்த கண்ணாடித் தகடு ஒன்றை மேசையிலேயே வைத்திருப்பது அதற்காகத்தான். அளந்த புள்ளிகளுக்கு ஒரு தளம் பொருத்திக் கழித்துவிட்டு, மிச்சத்தில் பட்டைகளுக்குக் குறுக்காக ஒரே ஒரு வரிசையை எடுத்துப் பாருங்கள். சிற்றலை தெரியும். ஒரு பட்டைக்குள் அது எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

பட்டையை 120 பாகை வீதம் (ஒரு முழுப் பட்டை 360 பாகை) நகர்த்தி 3 படம் எடுக்கையில் பட்டைக்கு 3 அலை வந்தால், முதல் சந்தேகம் ப்ரொஜெக்டரின் காமா மீது, அதாவது அனுப்பிய எண்ணுக்கு நேர்விகிதத்தில் வெளிச்சம் ஏறாத குணம் மீது. 0 முதல் 255 வரையிலான அளவில் கணினி 128 என்று அனுப்பினால் பாதி வெளிச்சம் வராது, காமா 2.2 என்றால் 22 சதவீதம்தான் வரும். சைன் அலை சிதைந்து இரண்டாம் ஹார்மோனிக், அதாவது அதே இடத்தில் இருமடங்கு முறை ஏறி இறங்கும் அலை, புகுந்துவிடும். 90 பாகை வீதம் 4 படமாக்கினால் அது தானாகவே அடிபடும். மூன்றாம் ஹார்மோனிக் மட்டும் பட்டைக்கு 4 அலையாக, சிறிதாக மிஞ்சும். அதையும் ஒழிக்க 0 முதல் 255 வரை சாம்பல் படிகளை வீசி, கேமரா கண்டதை வைத்து, எந்த வெளிச்சத்துக்கு எந்த எண்ணை அனுப்புவது என்ற தலைகீழ் அட்டவணை போட வேண்டும். ப்ரொஜெக்டரின் தானியங்கி கான்ட்ராஸ்டை அணைக்காமல் போட்ட அட்டவணை வீண்.

பட்டைக்கு 2 அலை என்றால் படங்களுக்கு நடுவே ஏதோ அசைந்திருக்கிறது. பக்கத்து அறைக் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

1 அலை என்றால் பின்னணி வெளிச்சம் படத்துக்குப் படம் மாறுகிறது. நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சோக் வைத்த டியூப்லைட் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை துடிக்கும். 60 ஹெர்ட்ஸ் ப்ரொஜெக்டரின் ஒரு பிரேம் 16.67 மில்லிசெகண்டு. கேமரா ஒரு படத்துக்கு ஒளி வாங்கும் நேரமான எக்ஸ்போஷரை 20 மில்லிசெகண்டு என்று வைத்தால் விளக்குக்குச் சரி, ப்ரொஜெக்டருக்குச் சரியில்லை. 50 வைத்தால் இரண்டுக்கும் முழு எண்ணிக்கையில் அடங்கும்.

சிற்றலை ஓரிடத்தில் மட்டும் இருந்தால் காமாவைத் தொடாதீர்கள். அங்கே பொருள் மினுங்கி, கேமரா 255-இல் முட்டியிருக்கும். உச்சி வெட்டுப்பட்ட சைனிலும் ஹார்மோனிக் உண்டு. மிகப் பிரகாசமான பிக்சல் 240-ஐத் தாண்டாமல் எக்ஸ்போஷரைக் குறைக்கலாம். அப்போது இருண்ட பகுதியில் பட்டை மங்கி, எத்தனையாவது பட்டை என்ற எண் தவறி, முழுப் பட்டை அளவுக்குப் படிக்கட்டு விழும். இரண்டு எக்ஸ்போஷரில் எடுத்து இணைப்பது மேல். பட்டை மங்கிய பிக்சல்களைத் தூக்கி எறிந்துவிடுங்கள். மென்பொருள் அந்த ஓட்டைகளை வழவழவென்று நிரப்பித் தரும். ஆனால் அந்த இடத்தில் யாரும் எதையும் அளக்கவில்லை.

டைட்டானியம் டையாக்சைடு தூளை ஆல்கஹாலில் கலந்து தெளித்தால் மினுக்கம் அடங்கும். ஆனால் பூச்சின் கனமும் அளவில் சேரும், அதுவும் இடத்துக்கு இடம் மாறி.

சலவைக்கல், வெள்ளை நைலான், மெழுகு ஆகியவை வேறு ரகம். ஒளி உள்ளே புகுந்து பரவி வெளிவருவதால் மேற்பரப்பு இருப்பதைவிடத் தாழ்வாகத் தெரியும். வரைபடம் சிற்றலையின்றிச் சுத்தமாக இருக்கும், எண்ண எதுவும் அகப்படாது. மெல்லிய பூச்சு அடித்து இன்னொரு முறை அளந்தால்தான் வித்தியாசம் வெளிப்படும்.