அடுத்த அறையில் இருப்பவனைக் காணவில்லை

கோடை விடுமுறைக்காக அக்கா மகன் திண்டுக்கல்லிலிருந்து தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு திருநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். என் மகனிடமும் ஒன்று இருந்ததால், ஆளுக்கோர் அறை, ஆளுக்கொரு டிவி என்று பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்தது. ஆனால், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு எப்படியோ தட்டுத்தடுமாறி விளையாட முடிந்த இருவராலும், ஒரே சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்துகொண்டு ஒரே ஆட்டத்தில் சேர முடியவில்லை.

“மாமா, அவனோட கனெக்ட் ஆகலைன்னு வருது” என்று மருமகன் முறையிட்டான். ஒருவனுக்கு அப்பத்தாவும் மற்றவனுக்கு அம்மாச்சியுமான என் அம்மா, “எந்திரிச்சுப் போயி கூப்பிட வேண்டியதுதானேடா” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இணைய இணைப்பு தந்தவர்களை அழைத்தால், 300 எம்பிபிஎஸ் வேகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். ஆட்டம் ஓடுவதற்குச் சில எம்பிபிஎஸ் போதும். இவர்களுக்குத் தடையாக இருந்தது வேகமன்று. கருவிகளின் நெட்வொர்க் அமைப்பில் நேட் வகையை, அதாவது வீட்டுக் கருவிகளெல்லாம் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் முறை வெளியிலிருந்து வருவோரை எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதைப் பார்த்தபோது, மகனுடைய கருவி ‘மாடரேட்’ என்றும் மருமகனுடையது ‘ஸ்ட்ரிக்ட்’ என்றும் காட்டின. இந்த இரண்டு வகைகளும் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளா. ஒரே வீட்டில் இரண்டு பாண்டிகள் இருந்து, கடிதத்தில் வெறுமனே ‘பாண்டி’ என்று எழுதியிருந்தால் தபால்காரர் என்ன செய்வாரோ, அதைத்தான் ரவுட்டரும் செய்துகொண்டிருந்தது.

துருவிப் பார்த்ததில் நிலைமை அதைவிட மோசமாக இருந்தது. ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர்; அதன் பின்னால் நாங்கள் கடையில் வாங்கிய ரவுட்டர் வேறு. போதாக்குறைக்கு, ஃபைபர் பெட்டிக்குக் கிடைத்திருந்த இணைய முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் நிறுவனங்களுக்கென்று 2012-இல் ஒதுக்கப்பட்டவை. அதாவது, எங்கள் தெருவே ஒரே கதவிலக்கத்தில் குடியிருந்தது.

மாதக் கட்டணம் கட்டித் தனிப் பொது முகவரி வாங்கினோம். ஃபைபர் பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வந்த தம்பி, கேட்காமலேயே உதவி செய்யும் குணமுடையவர். எக்ஸ்பாக்ஸ் பயன்படுத்தும் 3074 என்ற போர்ட்டை, அதாவது எண்ணிட்ட வாசலை, என் மகனுடைய கருவிக்குத் திருப்பிவிட்டுத்தான் புறப்பட்டார். ஒரு போர்ட்டை ஒரு கருவிக்குத்தான் எழுதிக்கொடுக்க முடியும் என்பதால் மகன் ‘ஓப்பன்’ ஆனான், மருமகன் அடைபட்டே கிடந்தான். “மாமா தன் பிள்ளைக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டுட்டாரு” என்ற செய்தி அன்று மாலைக்குள் திண்டுக்கல் போய்ச் சேர்ந்து, அக்காவின் தொலைபேசி அழைப்பாகத் திரும்பி வந்தது. நான் அந்தப் பட்டாவை ரத்து செய்து, கருவிகள் தமக்கு வேண்டிய போர்ட்டைத் தாமே கேட்டுத் திறந்துகொள்ளும் யுபிஎன்பி வசதியை இயக்கி, மருமகனின் கருவியில் வேறொரு போர்ட்டைத் தேர்ந்தெடுத்த பிறகே இருவருக்கும் ‘ஓப்பன்’ வந்தது. குடும்பத்திலும் சமாதானம் திரும்பியது.

மிஞ்சியது லேக், அதாவது ஆட்டத்தில் வரும் தாமதம். எங்கள் வீட்டுப் பழைய சுவர்களைத் தாண்டுவதற்குள் வைஃபை களைத்துவிடுவதால், டவுன்ஹால் ரோட்டில் கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள் வாங்கி வந்தேன். குறுக்கே இருந்தது பூஜையறைச் சுவர். அதில் துளையிடுவதற்கு அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. அதனால் கேபிள் வென்டிலேட்டர் வழியாக ஏறி, மொட்டைமாடியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கியது. 100 மீட்டர் வரை இழுக்கலாம் என்பதால் இந்தப் பிரதட்சிணத்தால் பாதகமில்லை.

மறுநாள் மாடிக்குப் போனபோது, அந்தக் கேபிளில் இரண்டு ஈரச் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. “கொடி கட்டித் தாடான்னு எத்தனை நாளாச் சொன்னேன், இப்பத்தான் உனக்கு மனசு வந்துச்சு” என்றார் அம்மா. கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன், பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) ஏறவில்லை. ஆகவே நானும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.