கோலுக்கு முன்னால் வந்த சத்தம்: பீலஃபெல்டில் ஒரு கோப்பை இரவு

முதலில் சத்தம்தான் வந்தது. டிவியில் பந்து இன்னும் நடு மைதானத்துப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் கூரைகளுக்கு அப்பால், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த ஸ்டேடியத்திலிருந்து ஒரு பெரும் இரைச்சல் கிளம்பி, தெரு வழியாக உருண்டு வந்து எங்கள் மேல் விழுந்தது. மதுக்கடை ஜன்னலை ஒட்டி வெளியே நின்றிருந்த முப்பது நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற பெரியவர் மட்டும் ஒரு கையைத் தூக்கி, "இது நம்ம சத்தம்" என்றார். சில நொடிகள் கழித்துத்தான் திரையில் பீலஃபெல்ட் வீரர் மாரியுஸ் வோர்ல் அடித்த பந்து வலைக்குள் போனது. 1-1. அப்புறம் அந்தத் தெருவில் நடந்ததை எழுதி விளக்க முடியாது, யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று யாருக்குமே தெரியாது.

2025 ஏப்ரல் 1, செவ்வாய்க்கிழமை. ஜெர்மன் கால்பந்துக் கோப்பையின் அரையிறுதி. அப்போது மூன்றாம் டிவிஷனில் ஆடிய அர்மினியா பீலஃபெல்ட், எதிரே பாயர் லெவர்குசன். லெவர்குசன் என்றால் சாதாரண அணி இல்லை. முந்தைய பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் ஜெர்மனியின் முதல் டிவிஷனான பண்டஸ்லிகாவை வென்று, இதே கோப்பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனவர்கள். அப்போது சாபி அலோன்சோ பயிற்சியாளர். அந்த அணி ஒரு வார நாள் ராத்திரி பீலஃபெல்டுக்கு பஸ் ஏறி வர வேண்டியிருந்தது. இந்தக் கோப்பையில் எனக்குப் பிடித்ததே இதுதான், பெரியவர்கள் சின்னவர்களின் ஊருக்குப் போக வேண்டும்.

போட்டியின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 64 அணிகள். முதல் இரண்டு டிவிஷன்களின் 36 அணிகளும் தானாகவே உள்ளே வந்துவிடும், மூன்றாம் டிவிஷனின் முதல் நான்கு அணிகளும் வரும், மீதி 24 இடங்கள் மாகாண அளவிலான கோப்பைகளில் ஜெயித்து வருபவர்களுக்கு. அதாவது வார நாட்களில் வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் பயிற்சி எடுக்கும் ஆட்களின் கிளப்பும் அதில் இருக்கும். முதல் சுற்றுக் குலுக்கலில் இரண்டு பானைகள், ஒன்றில் பெரிய அணிகள் 32, இன்னொன்றில் சின்ன அணிகள் 32. சின்ன பானையிலிருந்து வருபவர்களுக்குத்தான் சொந்த மைதானம். மூன்றாம் டிவிஷனும் அதற்குக் கீழே உள்ளவர்களும் பிந்தைய சுற்றுகளில் பெரிய அணியோடு மோதினாலும் ஆட்டம் அவர்கள் ஊரில்தான். ஒரே ஆட்டம். டிரா ஆனால் கூடுதல் நேரம், அப்புறம் பெனால்டி. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே கிடையாது.

அதனால்தான் 1994ல் ஃபெஸ்டன்பெர்க்ஸ்க்ரொய்ட் என்ற, மூலிகைத் தேயிலைக்குப் பேர்போன ஃபிராங்கோனியா கிராமத்து அணி, ட்ராபட்டோனி பயிற்சியளித்த பயர்ன் மியூனிக்கை 1-0 என்று வெளியே அனுப்ப முடிந்தது. அந்த ஆட்டம் கிராமத்தில் நடக்கவில்லை, நூரெம்பெர்க் ஸ்டேடியத்தில் நடந்தது. ஆனாலும் இன்றைக்கும் அந்தக் கிராமத்தின் பெயரைச் சொன்னால் கால்பந்து தெரிந்த எந்த ஜெர்மானியருக்கும் முகம் மலர்ந்துவிடும்.

சரி, நான் ஏன் பீலஃபெல்டுக்குப் போனேன் என்றால், அதற்கு முந்தைய வருடம் சார்ப்ருக்கனைத் தவறவிட்டேன். 2023 நவம்பர் 1 அன்று அதுவும் மூன்றாம் டிவிஷன் அணியாக இருந்தபோது 96வது நிமிடத்தில் மார்சல் காவுஸ் அடித்த கோலில் பயர்னை 2-1 என்று ஜெயித்தது. அப்புறம் ஃபிராங்ஃபர்ட், அப்புறம் கிளாட்பாக். கிளாட்பாக் ஆட்டம் மழையில் மைதானம் குளமாகித் தள்ளிப்போய், மார்ச்சில் மறுபடி நடந்து அதிலும் ஜெயித்தார்கள். ஒவ்வொரு முறையும் "அடுத்த சுற்றுக்குப் போகலாம்" என்று நான் தள்ளிப்போட்டேன். அரையிறுதியில் கைசர்ஸ்லாட்டர்னிடம் 0-2 என்று தோற்றார்கள், அதோடு முடிந்தது. நாக்அவுட்டில் அடுத்த சுற்று என்று ஒன்று இருக்குமென நம்பிக் காத்திருப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்று ராத்திரி டார்ட்மண்டில் என் அறையில் உட்கார்ந்துகொண்டு நினைத்தேன். அதனால் இந்த முறை பீலஃபெல்ட் காலிறுதியில் வெர்டர் ப்ரேமனை 2-1 என்று வென்ற அன்றே முடிவு செய்துவிட்டேன், டிக்கெட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த ஊரில் இருப்பேன் என்று.

டிக்கெட் கிடைக்கவில்லை. ஸ்டேடியத்தில் இருபத்தாறாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்தும் நின்றும் பார்க்கலாம், ஆனால் அன்று ஊரே உள்ளே போக ஆசைப்பட்டது.

டார்ட்மண்டிலிருந்து ஆர்இ 6 ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம் போல ஆகும். 2025ல் மாதம் 58 யூரோவாக இருந்த ஜெர்மனி டிக்கெட் என்ற பயண அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் செலவே இல்லை. வழியில் ஹாம் வரும். ஈழத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோவில் அந்த ஊரின் ஊன்ட்ராப் பகுதியில்தான் இருக்கிறது, தேர்த்திருவிழாவுக்கு அதே ரயிலில் வேட்டி சேலைக் கூட்டத்தோடு போயிருக்கிறேன். இந்த முறை ஹாமில் ஏறியவர்கள் கறுப்பு வெள்ளை நீல மஃப்ளர் போட்டவர்கள். அர்மினியாவின் நிறங்கள் அவை. கூட்டேர்ஸ்லோவில் இன்னும் ஒரு கூட்டம் ஏறியது, அதோடு நிற்கவும் இடமில்லை.

மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டதால் ஸ்பாரன்பர்க் கோட்டைக்கு ஏறினேன். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டை. மேலிருந்து பார்த்தால் டொய்டோபர்க் காட்டு மலைத்தொடர் ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போவது தெரியும். லினன் நெசவால் வளர்ந்த ஊர் இது, பழைய ஊர்ப்பகுதியில் நெசவாளி ஒருவருக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். பேக்கிங் பவுடர் டாக்டர் ஓட்கர் கம்பெனி 1891ல் தொடங்கியதும் இங்கேதான். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பீலஃபெல்ட் என்று ஒரு ஊரே கிடையாது என்ற வேடிக்கை 1994ல் ஒரு கீல் நகரத்து மாணவர் இணையத்தில் எழுதியதிலிருந்து ஜெர்மனி முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. யாரிடமாவது அந்த ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், "அப்படி ஒரு ஊர் இருக்கா?" என்பார்கள். மூன்று லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் ஊர். முப்பது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு, நாடு முழுக்க டிவியில் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும் ஒரு ராத்திரி எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அந்தக் கோட்டை மேல் நின்றபோது புரிந்தது.

சாயங்காலம் நான்காம் எண் டிராமில் ஏறிப் போனேன். ஸ்டேடியத்துக்கு ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் ஊர்க்காரர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. "அல்ம்" என்பார்கள், மலை மேல் மாடு மேய்க்கும் நிலம் என்று அர்த்தம். 1926லிருந்து அதே இடம். வீடுகளுக்கு நடுவில், குடியிருப்புத் தெருக்கள் முடியும் இடத்தில் எழும்பி நிற்கிறது, பால்கனியில் துணி காயும் வீட்டுக்கு எதிரே விளக்குக் கம்பம். ஒரு சுற்று சுற்றிவிட்டு, பன்றிக்கறி சாசேஜ் வைத்த பன் ஒன்று சாப்பிட்டுவிட்டு, சீக்ஃபிரீட்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு நடந்தேன். சிகி என்று செல்லமாகக் கூப்பிடும் அந்தச் சதுக்கத்தில் இளைஞர்கள் தரையிலேயே பீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரல் குளிர். யாரும் எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை.

அங்கேதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியிருப்பார், நிறம் மங்கிய பழைய மஃப்ளர். என் ஜெர்மன் தட்டுத்தடுமாறி வந்தாலும் பொறுமையாகப் பேசினார். 2015ல் இதே மாதிரி மூன்றாம் டிவிஷனில் இருந்துகொண்டே அர்மினியா அரையிறுதிக்கு வந்தது, ப்ரேமனையும் கிளாட்பாக்கையும் வீழ்த்தி. அன்று அவர் ஸ்டேடியத்துக்குள்ளே இருந்தார். வோல்ஃப்ஸ்பர்க் வந்து 4-0 என்று அடித்துவிட்டுப் போனது. "இந்த முறை டிக்கெட் கிடைத்தது, பேரனிடம் கொடுத்துவிட்டேன்" என்றார். "நான் உள்ளே போனால் தோற்றுவிடுவார்கள்." உண்மையாகத்தான் சொன்னார். என் தாத்தாவும் கிரிக்கெட்டில் விக்கெட் விழும் என்று பயந்து எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார், அதனால் எனக்கு இதில் எந்த ஆச்சரியமும் இல்லை.

17வது நிமிடத்தில் யோனத்தன் டா லெவர்குசனுக்கு கோல் அடித்தபோது ஸ்டேடியத்திலிருந்து பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இருந்த இரைச்சல் அறுந்தது, அவ்வளவுதான். திரை காட்டுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றே நிமிடம், அப்புறம் வந்ததுதான் நான் முதலில் சொன்ன சத்தம். இடைவேளைக்கு முந்தைய கூடுதல் நிமிடங்களில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது. இந்த முறை யாரும் திரைக்காகக் காத்திருக்கவில்லை, முன்கூட்டியே குதித்துவிட்டோம், மாக்சிமிலியன் குரோசர் பந்தை உள்ளே தள்ளியதை அப்புறம் ஆற அமரப் பார்த்தோம். 2-1.

இரண்டாம் பாதியைப் பற்றி எழுத அதிகம் இல்லை, நாற்பத்தைந்து நிமிடமும் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தேன். லெவர்குசன் பந்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது, அர்மினியா பயிற்சியாளர் மிட்ச் க்னியாட்டின் ஆட்கள் உடம்பைக் குறுக்கே போட்டார்கள். கடைசியில் நீளமாக ஓயாமல் ஒரு சத்தம் வந்தது, அது கோலுக்கானது இல்லை என்று எல்லாருக்கும் புரிந்தது. அர்மினியாவின் வரலாற்றிலேயே முதல் இறுதிப்போட்டி. 1905ல் தொடங்கிய கிளப். 2022ல் முதல் டிவிஷனிலிருந்தும் 2023ல் இரண்டாம் டிவிஷனிலிருந்தும் அடுத்தடுத்து கீழே விழுந்த அணி. பெரியவர் அழுதார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசி ரயிலை விட்டுவிட்டேன், கவலையே படவில்லை.

மே 24, பெர்லின். 1985லிருந்து இறுதிப்போட்டி ஒலிம்பிக் ஸ்டேடியத்தில்தான். எழுபத்திநாலாயிரம் பேர் கொள்ளும் அந்தக் கல் கட்டடத்தில் பாதி வட்டம் கறுப்பு வெள்ளை நீலமாக இருந்தது. அலுவலக நண்பர் ஒருவரின் அண்ணனுக்கு வர முடியாமல் போனதால் எனக்கு ஒரு இடம் கிடைத்தது, மேல் அடுக்கில், ஓட்டப்பாதைக்கு அப்பால் வெகு தூரத்தில் மைதானம். எதிரணி ஸ்டுட்கார்ட். முதல் கால் மணி நேரத்துக்குள் அர்மினியாவின் ஷாட் ஒன்று குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது மட்டும் உள்ளே போயிருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஏனென்றால் உடனேயே நிக் வோல்டமாடே அடித்தார், அப்புறம் மில்லோ, அப்புறம் உண்டாவ், அரை மணி நேரத்துக்குள் 3-0. 66வது நிமிடத்தில் மில்லோ மறுபடி. 4-0.

ஆனால் எங்கள் பக்கம் பாட்டு நிற்கவே இல்லை. 82வது நிமிடத்தில் கானியா ஒன்று அடித்தார், மூன்று நிமிடம் கழித்து ஸ்டுட்கார்ட்டின் வாக்னோமான் காலில் பட்டு இன்னொன்று. 4-2. அந்தக் கடைசி நிமிடங்களில் பெர்லினே பீலஃபெல்ட் பக்கம் சாய்ந்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஸ்டுட்கார்ட்டுக்கு இது நான்காவது கோப்பை. மூன்றாவது கோப்பையை 1997ல் வென்றபோதும் எதிரே மூன்றாம் டிவிஷன் அணிதான், காட்பஸ். ஹெர்தாவின் இரண்டாம் அணி 1993ல், காட்பஸ் 1997ல், யூனியன் பெர்லின் 2001ல், இப்போது பீலஃபெல்ட். மூன்றாம் டிவிஷனிலிருந்து இறுதிவரை வந்தவர்கள் இந்த நால்வர்தான், யாருமே கோப்பையைத் தொடவில்லை. தங்க முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை, கிட்டத்தட்ட ஆறு கிலோ, எட்டு லிட்டர் பீர் பிடிக்கும். பெரிய திரையில் அதை ஸ்டுட்கார்ட் தூக்கியபோது எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் கிளம்பாமல் நின்று கைதட்டினார்கள்.

அந்தப் பருவத்திலேயே அர்மினியா மூன்றாம் டிவிஷனை வென்று மேலே போனது. புதிதாக மேலே போன அணி என்பதால் அடுத்த கோப்பைக் குலுக்கலிலும் சின்ன பானையில்தான் இருந்தது. ஆகஸ்டில் முதல் சுற்று, மறுபடி ப்ரேமன், மறுபடி அல்ம். இந்த முறை டிக்கெட் விற்பனை தொடங்கிய நிமிடமே உட்கார்ந்து வாங்கிவிட்டேன். நிற்கும் பகுதியில் இடம். அர்மினியா 1-0 என்று ஜெயித்தது. அந்த கோல் விழுந்தபோது பந்தும் சத்தமும் ஒன்றாகவே வந்தன, நானும் கத்திக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்து சிகி சதுக்கத்துக்கு நடந்து போய் அந்த மதுக்கடை ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தேன். பெரியவர் அதே மங்கிய மஃப்ளரோடு, அதே இடத்தில் நின்றிருந்தார்.