ரெயின் வூயா

சங்க இரவு விருந்துகளில் என்னை இன்னமும் “டேய் ரெயின்” என்று கூப்பிடும் நாலைந்து பேருக்குத்தான் அந்தப் பட்டத்தின் பூர்வீகம் தெரியும். மற்றவர்கள், யாழ்தேவி ரெயினில் ரிக்கட் எடுக்காமல் போய் அகப்பட்டவன் நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அகப்பட்டவன் வேறொருவன், இந்த மலரை அவனும் வாசிப்பான்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு முத்திரைப் பைத்தியம். ஒருநாள் இடைவேளையில் ஒரு ருமேனிய முத்திரை என் கைக்கு வந்தது. 1906இல் பிரான்சில் தன் விமானத்தைத் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்குக் கிளப்பிப் பன்னிரண்டு மீற்றர் தூரம் பறந்த ஒருவருக்காக, 50 வருடம் கழித்து வெளியிட்ட முத்திரை. அதில் Traian Vuia என்றிருந்த அவர் பெயரை, என் ஆங்கிலப் புலமை முழுவதையும் திரட்டி, “ரெயின் வூயா” என்று உரக்க வாசித்தேன். “படத்தில பிளேன் நிக்குது, இவன் ரெயின் எண்டுறான்” என்றான் பக்கத்து வாங்குக்காரன். அன்றோடு என் சொந்தப் பெயர் போயிற்று.

லண்டனில் இரவு வேலையில் ஒரு ருமேனியர் எனக்குச் சோடியாக வந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “அது த்ராயான்! என் அப்பப்பாவின் பெயர்” என்றார். விடிய விடிய அந்தப் பெயரைப் பற்றித்தான் பேச்சு. பிறகு நானும் தேடி வாசித்தேன்.

பெயருக்குப் பெரிய பொருளொன்றும் இல்லை. லத்தீனில் த்ரயானுஸ் என்றால் த்ராயுஸ் குடியைச் சேர்ந்தவன், அவ்வளவுதான். 98 முதல் 117 வரை ஆண்ட ரோமப் பேரரசரின் குடும்பப் பெயர் அது. 101க்கும் 106க்கும் இடையில் இரண்டு போர் நடத்தி, இன்றைய ருமேனியாவிலிருந்த டாக்கியா நாட்டை அவர் பிடித்தார். தோற்ற அரசன் டெசெபால் பிடிபடாமல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். வேடிக்கை என்னவென்றால் ருமேனியர் பிள்ளைகளுக்கு டெசெபால் என்றும் வைக்கிறார்கள், த்ராயான் என்றும் வைக்கிறார்கள். வென்றவனும் தோற்றவனும் அவர்களுக்கு முன்னோர்தான்.

ஆனால் என் மனதில் நின்றது, இன்று ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியப் பகுதியின் கதை. அங்கே ஹங்கேரிய நிர்வாகம் இருந்த காலத்தில் பதிவேட்டில் யோன் என்ற ருமேனியப் பிள்ளை யானோஷ் ஆவான், கியோர்கே என்றால் ஜியோர்ஜ் ஆவான். அப்படி மாற்ற முடியாத பெயர் வேண்டுமே! த்ராயான், ஒவிடியு, லிவியு என்று பழைய ரோமப் பெயர்களைத் தேடி எடுத்தார்கள். அவற்றுக்கு ஹங்கேரிய மொழியில் வழக்கமான சோடிப் பெயர் கிடையாது. எழுதுகிறவர் என்ன செய்வார்? என் முத்திரைக்காரர் வூயாவும் 1872இல் அந்த ஆட்சியின் கீழிருந்த பனாத் பகுதியில் பிறந்தவர்தான். இன்று திமிஷோவாரா விமான நிலையத்துக்கு அவர் பெயர். நல்ல வேளை, ரெயில் நிலையத்துக்கு வைக்கவில்லை.

நாட்டுப்புறத்தில் கதை வேறு. புதுவருடத்துக்கு முந்திய இரவில் பிள்ளைகள் சவுக்கை வீசி, மணியடித்து, வீடு வீடாய்ப் போய் ஏர்ப்பாட்டுப் பாடுவார்கள். அதில் ‘பெடிக்கா த்ராயான்’ என்றொருவர் எழும்பிக் குதிரையேறி வயல் பார்த்து வருவார், பன்னிரண்டு எருது பூட்டி உழுவார், கோதுமை விதைப்பார். பேரரசர் கமக்காரனாகிவிட்டார்! ‘பெடிக்கா’ நம்முடைய பெடியன் இல்லை; அதற்கு நேர்மாறு. ஊரில் மூத்தவரை மரியாதையும் உரிமையுமாய்க் கூப்பிடும் சொல், நம் ‘அண்ணை’ மாதிரி.

அன்று தொடக்கம் நண்பர் என்னைப் பெடிக்கா என்றுதான் கூப்பிடுகிறார். நீங்கள் யாரும் அடுத்த விருந்தில் “த்ராயான் அண்ணை” என்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டாம். திரும்ப மாட்டேன். ரெயின் என்றால்தான் எனக்குக் காது கேட்கும்.