பட்டறைத் தம்பியின் கையும் சோழவந்தான் அண்ணனின் காலும்

ஜூன் 16, 2025, திங்கள்

எவர்சில்வர் பட்டறைத் தம்பி பிசியோதெரபிக்கு வந்திருந்தான். ஏப்ரல் தொடக்கத்தில் தகடு மணிக்கட்டைக் கிழித்து உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் போகும் மீடியன் நரம்பு முழுசாக அறுந்துபோய், அன்று இரவே தைத்த கை. விரல் பக்கமிருந்து மணிக்கட்டை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். மணிக்கட்டு மடிப்புக்கு நாலு சென்டிமீட்டர் முன்னால் வந்ததும் "அண்ணே, நடுவிரல்ல கரண்ட் அடிக்குது" என்று கையை இழுத்துக்கொண்டான். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு, அட்டையில் தேதியோடு குறித்தேன். வளர்ந்துவரும் ஆக்சானின், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழையின், முனை அங்கே நிற்கிறது. 1915-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரான்சில் டினெல் என்ற மருத்துவரும் ஜெர்மனியில் ஹாஃப்மன் என்பவரும் தனித்தனியாக எழுதிவைத்த சோதனை. இன்றைக்கும் இதற்கு ஒரு பைசா செலவில்லை.

பக்கத்துப் படுக்கையில் சோழவந்தான் அண்ணன். தென்னையிலிருந்து விழுந்து முதுகுத் தண்டுவடம் நசுங்கியவர். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. தம்பி கையை இழுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கேட்டார்: "ஏன் தம்பி, அந்தப் பய கைக்கு நரம்பு வளருதுல்ல, இவுக காலுக்கு மட்டும் ஏன் வளரமாட்டேங்குது?"

ஆள் வரிசையில் நின்றார்கள். வியாழக்கிழமை உட்கார்ந்து சொல்கிறேன் அக்கா என்றேன்.

ஜூன் 19, வியாழன்

முதலில் கையைப் பற்றிச் சொன்னேன். நரம்பு அறுந்தால், வெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆக்சான் சில நாளில் சிதைந்துபோகும். 1850-இல் வாலர் என்ற ஆய்வாளர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்தது இதைத்தான். ஆக்சான் போனாலும் அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் சாவதில்லை. ஆக்சானுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை போடும் வேலையை நிறுத்திவிட்டுக் குணமே மாறிவிடுகின்றன. பழைய மையலினைத் தாங்களே கொஞ்சம் தின்று, மிச்சத்துக்குக் கழிவைத் தின்னும் மேக்ரோஃபேஜ் செல்களை வரவழைத்து இடத்தைச் சுத்தம் செய்கின்றன. பிறகு வரிசையாக நின்று வழி அமைத்து, வளர்ச்சிக்கான புரதங்களைச் சுரக்கின்றன. ஆக்சான் அந்த வழியில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். வந்து சேர்ந்ததும் மறுபடி உறை போடுகின்றன. பழைய உறையைவிட மெல்லியது, துண்டு துண்டாக நீளமும் குறைவு. ஆனாலும் வேலை செய்யும்.

ஆக்சான் வராமல் மாதக்கணக்கில் கிடந்தால் ஷ்வான் செல்களும் சோர்ந்துபோகும். அன்று இரவே தைத்ததில் தம்பிக்கு அதிர்ஷ்டம்தான். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டே மாசக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

ஜூன் 28, சனி

இன்று தண்டுவடம். அங்கே ஷ்வான் செல் கிடையாது. உறை போடுவது ஒலிகோடென்ட்ரோசைட். ஒரே செல் பல ஆக்சான்களுக்குப் போடும், அடிபட்டால் நிறையச் செத்துப்போகும். சிதைந்த மையலினை அள்ளும் வேலை அங்கேயே இருக்கும் துப்புரவுச் செல்களான மைக்ரோகிளியாவுக்கும் வெளியிலிருந்து வரும் மேக்ரோஃபேஜ்களுக்கும். ஆனால் அது லேசில் முடியாது, மாசக்கணக்கில் குப்பை கிடக்கும். அந்தக் குப்பையிலேயே நோகோ போன்ற, வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. போதாததற்கு ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவச் செல்கள் பெருத்துக் காயத்தைச் சுற்றித் தழும்பு கட்டுகின்றன.

அக்காவுக்குத் தோட்டம் உண்டு. ஆஸ்ட்ரோசைட் தழும்பு கருவேல முள்வேலி மாதிரி, ஆடு மாடு உள்ளே வராது, அதே சமயம் நாமும் குறுக்கே போக முடியாது என்றேன். "அப்ப வேலிய வெட்டிரலாம்ல?" என்று பட்டென்று கேட்டார். ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமாக நினைத்ததும் அதேதான். எலிகளில் அந்தத் தழும்பு உருவாகவிடாமல் செய்து பார்த்தபோது அழற்சி பரவிக் காயம் பெரிதானது. 2016-இல் வந்த ஆய்வில், தழும்பை எடுத்த பிறகும் ஆக்சான் தானாக வளரவில்லை. தழும்பை வில்லனாக மட்டுமே காட்டும் பாடங்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1981-இல் மாண்ட்ரியலில் டேவிட்டும் அகுவாயோவும் செய்த சோதனை. வளர்ந்த எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து, மூளையின் அடிப்பகுதிக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே வெளியே பாலமாகப் பொருத்தினார்கள். வளரவே வளராது என்று நினைத்த மூளை, தண்டுவட ஆக்சான்கள் அதற்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டன. குறை ஆக்சானில் மட்டும் இல்லை, அது இருக்கும் அக்கம்பக்கத்திலும் இருக்கிறது. கிளியா செல்களை (ஷ்வான், ஒலிகோடென்ட்ரோசைட், ஆஸ்ட்ரோசைட் எல்லாம் இந்த வகைதான்) துணைக்கு நிற்பவை என்று ஒரே வரியில் கடந்துபோகும் புத்தகங்களை இதற்கு அப்புறம் நம்ப முடியவில்லை.

ஜூலை 14, திங்கள்

திருப்பரங்குன்றம் கும்பாபிஷேகம். காலையில் ஆளே இல்லை. மதியம் அக்கா தன் தம்பியோடு வந்தார். அவர் போனில் ஒரு விளம்பரம்: ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி, தண்டுவடம் சரியாகும், சில லட்சம். தோட்டத்தை ஒத்திக்கு விட்டுப் போடலாமா என்று கேட்டார்கள்.

வேண்டாம் என்றேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில் தெளிவாகவே இருக்கிறது. ரத்த நோய் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர, மற்றதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான், அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. தம்பிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. அக்கா மட்டும், "அந்தக் காசுல இவுகளுக்கு வேற என்ன செய்யலாம்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் நிறைய இருந்தது: நல்ல காற்று மெத்தை, நாளெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க இன்னொரு ஆள், உடம்புக்கு அளவெடுத்த வீல்சேர், வாசலில் சரிவுப் பாதை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தம்பியின் கோடு நடுவிரல் அடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் ஆள்காட்டி விரல் நுனியில் கொப்புளம். டீ கிளாஸின் சூடு தெரியாமல் பிடித்திருக்கிறான். ஆக்சான் நுனி வரை போய்ச் சேரும் வரை கண்தான் விரலுக்குக் காவல், சூடான எதையும் இடது கையால் எடு என்று திட்டி அனுப்பினேன்.

சோழவந்தான் வீட்டில் கட்டில் ரொம்ப உயரம். வீல்சேர் சீட்டுக்குச் சமமாகக் கால்களை அறுக்க வேண்டும். தச்சரை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருக்கிறேன், டேப்பை எடுத்துக்கொண்டு நானும் போகிறேன்.