அப்பாவின் முத்திரைகளுக்குக் காப்புறுதி எடுத்த கதை

நகைக்குக் காப்புறுதி எடுக்கிறது யாழ்ப்பாணத்தில் புதினமில்லை. கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையில் நிறுத்து, எத்தனை பவுண், என்ன கரட் என்று எழுதி வாங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். என்னிடம் இருந்தது வேறு சாமான். தபாலதிபராக இருந்த அப்பா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த இலங்கை முத்திரைகளும் கொஞ்சம் பழைய நாணயங்களும். அதுகளுக்கு விலை சொல்ல எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவரும் இல்லை.

வீட்டுக் காப்புறுதி ஏற்கெனவே இருந்தது. அதற்குள் எல்லாம் அடங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பத்திரத்தை எடுத்து வாசித்தால், முத்திரை, நாணயம், பதக்கம், கையெழுத்துப்பிரதி போன்றவை தனியாகக் குறிப்பிட்டாலொழிய அடங்கா என்று ஒரு வரி கிடக்கும். என்னுடைய பத்திரத்திலும் கிடந்தது. ஆகவே தனி அட்டவணை ஒன்றைச் சேர்க்கக் கேட்டேன்.

காப்புறுதிக் கொம்பனிக் கிளையில் இருந்த பெடியன் நல்ல மரியாதையான பிள்ளை. "ரீச்சர், வாங்கின பில் இருக்கோ?" என்றுதான் தொடங்கினார்.

"தம்பி, தொண்ணூற்றைஞ்சு ஒக்ரோபர் முப்பது இரவு நாவற்குழிப் பாலத்தால போகேக்கை ஆர் பில் தூக்கிக்கொண்டு போனது?"

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த இரவு அல்பங்களைச் சீலைக்குள் சுற்றிக் கொண்டுபோனோம். கடிதங்களும் பற்றுச்சீட்டுகளும் வீட்டோடு நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. அந்தப் பெடியன் அப்போது பிறந்திருக்கவும் மாட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பில் இல்லாவிட்டால் மதிப்பீட்டு அறிக்கை, படங்கள், எப்படிக் கைக்கு வந்தது என்ற கடிதம், மூன்றும் தாருங்கள் என்றார்.

படம் எடுப்பதுதான் பெரிய வேலை. அல்பத்தின் ஒவ்வொரு பக்கமும், நாணயத்தின் இரண்டு பக்கமும், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுத்தேன். நாணயங்களைத் தெரிந்த நகைக்கடைத் தராசில் கிராமில் நிறுத்தேன். முத்திரைக்கு ஆண்டு, அதில் அச்சடித்த பெறுமதி, முத்திரை விலைப்பட்டியலில் உள்ள இலக்கம், பாவித்ததா பாவிக்காததா, பல்விளிம்பு உடைந்திருக்கிறதா என்று எழுதினேன். விலை கூடினவை ஒவ்வொன்றாக, மற்றவை அல்பம் அல்பமாக. இப்படிப் பிரிக்காமல் "பழைய முத்திரைகள், மொத்தம் இவ்வளவு" என்று எழுதிக் கொடுத்தால், பிறகு ஒரு முத்திரை மட்டும் காணாமல் போகும்போது அதன் விலையை எதை வைத்துச் சொல்வது?

முத்திரை சேர்க்கிற ஆட்கள் யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி, 1859இல் வந்த நாலு பென்ஸ் 'டல் றோஸ்' என்ற விலை கூடின அரிய முத்திரை இருக்கோ என்பதுதான். இல்லை. அது இருந்தால் நான் ஏன் பென்சன் காசில் கட்டுப்பணம் கட்டுகிறேன்! எங்களிடம் உள்ளவை 1872இல் ரூபாயும் சதமும் வந்ததற்கு முந்திய பென்ஸ் முத்திரைகள் சில, பிறகு வந்த இராணி, இராசா தலை முத்திரைகள் நிறைய.

மதிப்பீட்டுக்கு என் தம்பி கனடாவில் ஸ்காபரோவில் இருந்து வழி சொன்னான். "அக்கா, எல்லாத்தையும் லண்டனுக்கு அனுப்புங்கோ, ஏலக்காரர் விலை சொல்லுவினம்." தபாலதிபரின் மகளாக இருந்தும் எனக்குத் தபாலை நம்ப மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் நாணயத்தில். நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் உள்ள யாழ்ப்பாண அரசர் காலத்துக் காசுகளும் ஒல்லாந்தரின் துட்டுகளும் அதில் இருக்கின்றன. 1815 மார்ச் 2க்கு முந்தியவை சட்டப்படி தொல்பொருள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக ஏலாது. நிலத்துக்குக் கீழே இருந்து எடுத்தவை என்றால் அரசுக்குரியவை. எப்படிக் கைக்கு வந்தது என்ற கடிதத்தைக் கொம்பனி சும்மா கேட்கவில்லை. அப்பா ஆரிடம் வாங்கினார் என்று எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதிச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்திக் கொடுத்தேன்.

கடைசியில் யாழ்தேவியில் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒரு வியாபாரியிடம் மதிப்பீடு எடுத்தேன். முத்திரை விற்கிற லண்டன் கொம்பனியான ஸ்டான்லி கிப்பன்ஸின் பட்டியலில் உள்ள விலை, நல்ல நிலையில் உள்ள முத்திரையை அவர்கள் விற்கிற விலை. நாங்கள் விற்கப்போனால் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். காப்புறுதிக்கு இரண்டும் சரிவராது; போனதை இன்று திரும்ப வாங்க எவ்வளவு வேண்டும் என்பதுதான் கணக்கு. கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்கக் குறைத்துப் போடுகிறவர்களுக்கு ஒன்று: பத்து இலட்சம் பெறுமதியை ஐந்து இலட்சம் என்று போட்டால், இரண்டு இலட்சத்துக்குக் களவு போகும்போது ஒரு இலட்சந்தான் தருவார்கள். கூட்டிப் போட்டும் பலனில்லை. தனித்தனியாகப் பட்டியலிட்டவற்றுக்கு, இதுதான் விலை என்று இரு பக்கமும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் முறையைக் கேட்டு வாங்கினேன். கேட்காவிட்டால் அவர்களாகத் தரமாட்டார்கள்.

அதன் பிறகு களவு என்றால் என்ன என்பதில் இழுபறி. பத்திரத்தின்படி பூட்டு, கதவு, ஜன்னல் ஏதாவது உடைபட்ட அடையாளம் வேண்டும். வீட்டில் வேலை செய்கிறவரோ, வீட்டில் இருக்கிறவரோ எடுத்தால் இல்லை. எப்படிப் போனது என்றே தெரியாமல் காணாமல் போனாலும் இல்லை. தொடர் முத்திரையில் ஒன்று போனால் அந்த ஒன்றின் காசுதான். தொடர் குறைபட்டதற்கு ஒன்றும் வராது. இராமபாணப் பூச்சி, கறையான், ஈரம், மங்கல் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் யாழ்ப்பாணத்து மாரிதான் கள்ளனைவிடப் பெரிய எதிரி, அதற்கு ஒரு கொம்பனியும் காப்புறுதி தராது. கலவரம், பயங்கரவாதத்துக்கு மேலதிகமாகக் கட்டினால் அரசாங்கத்தின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாகக் காப்பு உண்டு, அதையும் சேர்த்தேன். யுத்தம் அதிலும் இல்லை.

மற்றது, வீடு தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் களவுக் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை. பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போய் ஆறு மாதம் நிற்கிற சனம் நிறைந்த ஊர் இது. "போறதுக்கு முதல் சொல்லிப்போட்டுப் போங்கோ ரீச்சர், பிரச்சினை இல்லை" என்றார் அந்தத் தம்பி. வாயால் சொன்னது காணாது, எழுதித் தாங்கோ என்றேன். முன்னறிவித்தல் கொடுத்து, பட்டியலிட்ட நாணயங்களை வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் காப்புத் தொடரும் என்று பத்திரத்துக்கு இணைப்பு ஒன்று தந்தார்கள். பெட்டகத்துக்குள் இருப்பதற்கு வங்கி தானாகக் காப்புறுதி எடுப்பதில்லை என்பதால், வங்கியின் பெயரையும் கிளையையும் அந்த இணைப்பிலேயே எழுதுவித்தேன்.