பதில் சொல்லாமல் இருக்கப் பழகுவது

சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வின்படி, 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோய் வருகிறது. சிகிச்சைக்கு வந்தவர்களிலேயே பாதிப் பேர் 11 ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்துத்தான் வந்திருக்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்களோடு வேலை செய்யும்போது அந்த ஆண்டுகள் எப்படிக் கழிகின்றன என்பது தெரிகிறது. "பிள்ளைக்குச் சுத்தம் ரொம்பப் பிடிக்கும்" என்று முதலில் பெருமை. பிறகு பள்ளிக்குத் தாமதம், குளியலறைக் கதவைத் தட்டிச் சண்டை, தண்ணீர்க் கட்டணம். அதன் பிறகுதான் பலதுறை மருந்தகமோ மனநலக் கழகமோ.

கை கழுவுவது வெளியே தெரிவதால் எல்லோரும் அதையே நோய் என்று நினைக்கிறார்கள். தெரியாதவைதான் அதிகம் வதைக்கும். கைக்குழந்தை பக்கத்தில் இருக்கும்போது கத்தியைத் தொடப் பயப்படும் தாய். சாமி படத்தின் முன் ஆபாசமான எண்ணம் வந்துவிட்டதென்று மந்திரத்தை எண்ணி எண்ணி மனத்துக்குள் ஓட்டும் இளைஞர். இவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்க வேண்டும். "இந்த மாதிரி எண்ணங்களும் சிலருக்கு வரும், உங்களுக்கு?" என்று சாதாரணக் குரலில் கேட்டால் பலர் அழுதுவிடுகிறார்கள். வேண்டாத எண்ணம் பெரும்பாலான மனிதர்களுக்கு வரும். அதை ஆபத்தென்று எடுத்துக்கொண்டு, அழிக்க ஏதாவது செய்யத் தொடங்கும்போதுதான் சுழல் பிடிக்கிறது. செய்ததும் பதற்றம் குறையும். அந்த நிம்மதியே அடுத்த முறையும் செய்யச் சொல்லும்.

ஆகவே, செய்யாமல் இருக்கப் பழக்குவதே சிகிச்சை. பயத்தை நேரே சந்திக்க வேண்டும், சந்தித்த பின், பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் சடங்கைச் செய்யக் கூடாது. பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள். முதலில் ஓசிடியின் கடுமையை அளக்கும் ஒய்-பாக்ஸ் அளவுகோலில் 40க்கு எத்தனை என்று பார்ப்போம். 16 முதல் மிதமான நிலை, 24 முதல் கடுமை. பிறகு பயங்களை 0 முதல் 100 வரை மதிப்பிட்டுப் படிகளாக அடுக்குவோம். அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பச் சோதிப்பவர் என்றால், ஒரே முறை பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டி, கீழே தபால்பெட்டி வரை போய் நிற்பது 40. பேருந்து நிறுத்தம் வரை 55. எம்ஆர்டி ரயில் ஏறி வேலைக்கே போய்விடுவது 80. கைப்பேசியில் அடுப்பைப் படம் எடுத்துக்கொண்டு போனால் பயிற்சி பாழ். அந்தப் படமே புதிய சடங்கு.

இப்படித்தான் பயிற்சிகள் பெரும்பாலும் உள்ளுக்குள் கெடுகின்றன. லிஃப்ட் பொத்தானைத் தொட்டுவிட்டு, "வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம்" என்று மனத்தில் ஒத்திவைத்தாலும் அது கழுவியதற்குச் சமம். "டாக்டரே தொட்டார், அப்போ பரவாயில்லை" என்பதும் அதே வகை. பதற்றம் இறங்கும்வரை ஆழ்ந்து மூச்சுவிடச் சொல்வது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு, மூச்சே சடங்காகிவிடும். பதற்றம் இருக்கும்போதே அடுத்த வேலையைப் பார்க்க முடியும் என்று உடம்பு கற்க வேண்டும்.

எங்கள் பணியில் மிகக் கடினமான பகுதி குடும்பம்தான். "அம்மா, கை சுத்தமா இருக்கா?" என்று கேட்டால் எந்த அம்மாவும் "இருக்குப்பா" என்பார். அன்பில் வரும் அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி. ஒரேயடியாக நிறுத்தினால் வீடு கலவரமாகும். பிள்ளையோடு முன்கூட்டியே பேசி, ஒரு வேளைக்கு மட்டும், உதாரணமாக இரவு உணவு நேரத்தில், பதில் இல்லை என்று தொடங்க வேண்டும். சொல்வதற்கு ஒரு வாக்கியம் வேண்டும்: "இது ஓசிடி கேக்குற கேள்விப்பா. பதில் சொல்ல மாட்டேன்னு பேசிக்கிட்டோம்ல, நான் பக்கத்துலதான் இருக்கேன்." கடைப்பைகளையெல்லாம் துடைத்து வைக்கும் பணிப்பெண்ணையும் இந்த ஏற்பாட்டில் சேர்க்காவிட்டால், அம்மா நிறுத்தியதை அவர் தொடர்வார்.

தீட்டு விஷயத்தில் நிதானம் தேவை. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஈமச் சடங்கு நடக்கிறது, ஒருவர் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார், வந்து தலைக்குக் குளிக்கிறார். ஒரு முறை குளிப்பது வழக்கம். பிடரியில் தண்ணீர் பட்டதா என்ற சந்தேகத்தில் ஐந்தாம் முறை குளிப்பது நோய். தமிழ் முஸ்லிம்கள் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யும்போது வரும் இதே சந்தேகத்தை வஸ்வாஸ் என்கிறார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றே மார்க்க அறிஞர்கள் சொல்வார்கள். அர்ச்சகரிடமோ உஸ்தாதிடமோ எது போதும் என்று ஒரு முறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை கேட்கக் கூடாது. நம்பிக்கையை மீறச் சொல்லும் பயிற்சி எதையும் கொடுக்கவே கூடாது.

மருந்து தேவைப்படும்போது செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் போன்றவை முதலில் வரும். மனச்சோர்வுக்குத் தருவதைவிட அளவு பெரும்பாலும் கூடுதல். செர்ட்ராலின் நாளுக்கு 200 மில்லிகிராம் வரை போகலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம். முதல் இரண்டு வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வருவதால் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஓராண்டு தொடர்வது வழக்கம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், நோயும் திரும்பலாம்.

ஒய்-பாக்ஸ் 28லிருந்து 18க்கு வந்தால் நல்ல முன்னேற்றம். எண்ணங்கள் அப்போதும் வரும். தேர்வு, தேசிய சேவை, பிரசவம் போன்ற நேரங்களில் கூடும். அதனால் கடைசி அமர்வில் ஒரு தாளில் அவரவர் முன்னறிகுறிகளை எழுதச் சொல்கிறோம்: குளியல் 20 நிமிடத்தைத் தாண்டுவது, அடுப்பைப் படம் எடுப்பது, ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்பது. இதில் இரண்டு ஒரு வாரம் நீடித்தால் பழைய படிகளை மறுபடி தொடங்கி, அமர்வுக்கும் நேரம் கேட்க வேண்டும்.