38க்குக் கீழே போனால்

பாசித் தொட்டி எப்படி இருக்கிறது என்று அளக்க நாங்கள் ஒரு மலிவான பெட்டி செய்கிறோம். அதன் திரையில் 'நன்று', 'மோசம்' என்று போடமாட்டேன், எண் மட்டும்தான் என்று நான் சொன்னது சரிதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அழகர்கோவில் பக்கத்தில் ஸ்பைருலினா என்ற சாப்பிடும் பாசி வளர்க்கும் பண்ணை அக்கா திருப்பிக் கேட்டது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

"அப்ப இந்தப் பெட்டி எனக்கு என்னதான் சொல்லும் தம்பி?"

விளக்கினேன். பாசி வாங்கிய வெளிச்சத்தில் கொஞ்சத்தைச் சிவப்பாகத் திருப்பி விடும். இருட்டில் வைத்திருந்து, மங்கலான ஒளியில் ஒருமுறை, பளீரென்று அடித்து ஒருமுறை அளக்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிய அளவால் வகுத்தால், ஒளிச்சேர்க்கை எப்படி ஓடுகிறது என்பதற்கு ஒரு எண் வரும். நல்ல இலைக்கு 0.83 பக்கம்; பெட்டித் திரையில் அது 83. ஸ்பைருலினாவுக்கு அவ்வளவு வராது. அதன் நீல நிறமி விடும் ஒளியும் கணக்கில் கலந்துவிடும். போதாததற்கு, இருட்டில் வைத்தாலே, பளீரென்று அடிக்கும்போது வரும் உச்ச அளவு இறங்கிவிடும். ஆய்வகத்தில் டையூரான் கலந்து உண்மையான உச்சத்தைப் பிடிப்பார்கள். அது களைக்கொல்லி. சாப்பிடுகிற பொருள் வளரும் தொட்டிப் பக்கம் அந்தப் புட்டியைக் கொண்டு போக முடியுமா?

பொறுமையாகக் கேட்டார். "சரி, 40ன்னு காட்டுது. தொட்டி நல்லாருக்கா, இல்லையா?"

"நேத்து எண்ணோட ஒப்பிட்டுப் பாருங்கக்கா."

இதைவிட நேர்மையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு இது பதிலும் இல்லை. லட்சக்கணக்கில் விலை போகும் வெளிநாட்டுக் கருவியும் நல்லதா கெட்டதா என்று சொல்வதில்லைதான். அதன் பக்கத்தில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் உட்கார்ந்திருப்பார். எங்கள் பெட்டியில் ஒளியை உணர ஒரு போட்டோடயோடு, ஒரு ஆம்ப்ளிஃபயர், கணக்குப் போட ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு. விலை குறைந்ததில் பாதி, அந்த ஆளின் வேலையை அக்கா தலையில் கட்டியதால்தானோ?

அடுத்த தடவை போனபோது திரையின் ஓரத்தில் செல்லோ டேப் போட்டு ஒரு துண்டுச் சீட்டு. நோட்டுத் தாள், பால்பாயிண்ட் பேனா: '38க்கு கீழ போனா நிழல்வலை.' தினமும் வெயில் ஏறுமுன் ஒரே நேரத்தில் அளந்து, வரவு செலவு நோட்டிலேயே அறுவடை எடைக்குப் பக்கத்தில் எழுதி வந்திருக்கிறார். நாங்கள் உட்கார்ந்து செய்திருந்தாலும் இதைவிட உருப்படியாகச் செய்திருக்க மாட்டோம். சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டேன்.

திருமங்கலம் பக்கம் இன்னொரு பண்ணையில் அதே சீட்டு, அதே 38. வேறு பெட்டி, வேறு தொட்டி.

இங்கேதான் இடிக்கிறது. முதலில் நீல எல்இடிதான் போட்டோம்; எல்இடி ஒளியைத் தடுத்துப் பாசியின் சிவப்பை மட்டும் விட, மலிவான சிவப்பு ஜெலட்டின் தாளே வடிகட்டியாகப் போதும். ஆனால் இந்தப் பாசி ஒளியை அதிகம் வாங்குவது 620 நானோமீட்டர் பக்கம். அதனால் ஆரஞ்சுச் சிவப்புக்கு மாறினோம். அது பாசி திருப்பி விடும் 685க்கு ரொம்பக் கிட்டே. வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எல்இடி ஒளி கொஞ்சம் கசியும். எல்இடி பிரகாசம் கூடினாலும் குறைந்தாலும் வகுத்தலில் அடிபட்டுப்போகும்; கசிவு அடிபடாது, எண்ணைக் கீழே இழுக்கும். அதுவும் பெட்டிக்குப் பெட்டி வேறு அளவில். ஒன்றின் 38 இன்னொன்றில் 42 ஆகவும் இருக்கலாம்.

சொன்னேன். "அக்கா தொட்டி நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார் அந்தப் பண்ணைக்காரர். சீட்டைப் பிய்க்க எனக்கு மனம் வரவில்லை. நான் ஒரு எண்ணும் தராததால்தானே அவர் அக்காவின் எண்ணை எடுத்தார்? நான் தந்திருந்தால் எல்லாத் தொட்டியிலும் என் தப்பு எண் ஒட்டியிருக்கும். தினம் ஒரு பக்கம் சாய்கிறேன்.

அடுத்த பெட்டியில் சீட்டு ஒட்டத் திரைக்குக் கீழே கொஞ்சம் இடம் விடலாமா என்று உடன் வேலை செய்பவர் கேட்கிறார். பெட்டியின் வரைபடத்தை வெட்டக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. இன்னும் பதில் சொல்லவில்லை.